சேர்மராஜ் அடக்கிய பசி

மனிதன் நெருப்பை அடக்கினான், ஆற்றை அடக்கினான், அணுவை அடக்கினான். மிச்சமிருந்தது மாதவிடாய்க்கு முந்தைய வாரத்துப் பசி ஒன்றுதான். அதையும் தூத்துக்குடி போல்டன்புரத்தில் மாடி வீட்டில் குடியிருக்கும் சேர்மராஜ் அடக்கிவிட்டான்.

இப்படிச் சொன்னது வரலாறு அல்ல, சேர்மராஜேதான். சொன்ன இடம் அவன் சித்தி மகள் கல்யாணப் பந்தி. சொல்லும்போது அவன் இலையில் இரண்டாவது வடை விழுந்திருந்தது. பக்கத்து இலைக்காரர் மாப்பிள்ளை வீட்டு உறவு. பாயசம் எந்த வரிசையில் வருகிறது என்பதிலேயே கண்ணாக இருந்தவர், அடக்கியாயிற்று என்றால் நல்லதுதானே என்று தலையை ஆட்டினார். இலை போட்டு உட்கார்ந்துவிட்ட மனிதர் எழுந்து ஓட முடியாது என்பதால் சேர்மராஜ் முழுவதையும் அவரிடமே விளக்கினான்.

அந்த வாரத்துப் பசி நிஜப் பசியே அல்ல என்பது அவன் கட்சி. உடம்புக்குச் சோறு வேண்டும் என்று எழுகிற பசி பதிவுத் தபால் மாதிரி. கையெழுத்துப் போட்டு வாங்கியே தீரவேண்டும். இதுவோ மொட்டைக் கடுதாசி. ஹார்மோன் என்கிற முகம் தெரியாத ஆசாமி உள்ளேயிருந்து எழுதிப் போடுகிறான், உடனே அரைக்கிலோ மிக்சர் தின்னவும் என்று. பெண்கள் பாவம், அதை நம்பி பேக்கரிக்கு ஓடுகிறார்கள். தின்றுவிட்டு அழுகிறார்கள். அழுத களைப்பில் மறுபடி தின்கிறார்கள். இத்தனை நூற்றாண்டுகளாக இதைப் பற்றி ஆளுக்கொரு அறிவுரை சொன்னார்களே தவிர, தபால்காரனை வழியிலேயே மடக்கிப் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. சேர்மராஜுக்குத் தோன்றியது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

கண்டுபிடிப்பின் பெயர் 'நிதானம்'. சட்டைப் பித்தான் அளவில் ஒரு வில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டி முடியை இழுத்துவிட்டால் கட்டிய புருஷனுக்கே தெரியாது.

வீட்டில் அம்மா பாக்கியத்தாய்க்கு விளக்குவது பந்தியைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் ஊளி மீனைச் செதில் உரசிக்கொண்டே அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெளிச்சத்தம் கேக்காத ஹெட்போன் இருக்குல்லாம்மா, அது எப்படி? வர்ற சத்தத்துக்கு நேர் எதிர்ச் சத்தத்த உள்ள விடும். ரெண்டும் மோதி அடங்கிரும். அதே மாதிரி, வயித்துலயிருந்து தலைக்கு ஏறுற பசிய இந்த வில்லை முதல்ல வாங்கும். அது எப்படி இருக்குன்னு அப்படியே பிடிச்சு வச்சுக்கிடும். பெறகு அதுக்கு எதிர்ப்பசிய விடும். ஆளுக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்பம் வயிறு காலியா இருக்கும், ஆனா பசிக்காது."

"கரெக்ட்."

"அதுக்கு எதுக்குய்யா மிஷினு? நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த புதுசுல அப்படித்தான இருந்தேன்."

சேர்மராஜ் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

அவன் மனைவி வடிவு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். ஓட்டுகிறாள் என்றால் மேலே ஏறி உட்கார்ந்து அல்ல. அந்தக் காலமெல்லாம் போய்விட்டது. கரையில் ஒரு குளிரூட்டிய அறையில், திரைக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளை அசைப்பாள். தூரத்தில் கடலோரம் நிற்கும் கிரேன், ஒரு வீட்டைத் தூக்குவதுபோல் சரக்குப் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி, முட்டையை வைப்பதுபோல் லாரியில் வைக்கும். கை நடுங்கக் கூடாது. நடுங்கியதும் இல்லை. அப்பேர்ப்பட்ட கையில், மாதத்தில் ஒரு வாரம், எந்நேரமும் ஏதாவது தின்பண்டம் இருக்கும். மக்ரூன், மிக்சர், தேங்காய் பன், திரும்பவும் மக்ரூன்.

சேர்மராஜுக்கு இது முதலில் தெரியவந்தது அவள் ஸ்கூட்டர் பெட்டியில் எறும்பு ஏறியபோது. பிறகு ஒருநாள் ஆட்டோவில் போகையில் நேரிலேயே பார்த்தான். துறைமுகச் சாலை பேக்கரியின் பக்கவாட்டுச் சுவரோடு ஒட்டி, ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, பொட்டலத்துக்குள்ளேயே கையை விட்டு அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தாள். அவன் ஆட்டோவை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து அந்தக் காட்சியைத் தன் மேடைப் பேச்சில் சேர்த்துக்கொண்டான்.

"எங்க வீட்டுல ஒரு கிரேன் ஆபரேட்டர் இருக்காங்க," என்று ஆரம்பிப்பான். "மூணு வாரம் கப்பல்ல இருந்து சரக்க இறக்குவாங்க. நாலாவது வாரம் பேக்கரியில ஏத்துவாங்க." சிரிப்பு அடங்கியதும் முகத்தை மாற்றிக்கொள்வான். தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறவர் சுதந்திர மனிதர், நின்ற வாக்கில் பாத்திரத்துக்குள் கைவிட்டுத் தின்கிறவர் கைதி, இந்தக் கைதிகளை விடுதலை செய்யத்தான் வந்திருக்கிறேன் என்பான். கைதட்டல் விழும். பணம் போடுகிறவர்களும் அந்த இடத்தில்தான் பேனாவைத் திறப்பார்கள்.

ஏன் வீட்டில் தின்னாமல் பேக்கரிச் சுவரோரம் போய்த் தின்கிறாள் என்று அவன் கேட்டதில்லை.

கல்யாணமான புதிதில் வீட்டில்தான் தின்றாள். ஒருநாள் மாமியாரிடம், கிளிமூக்கு மாங்காய் கிடைக்குமா அத்தை, வாய் கேட்கிறது என்றாள். பாக்கியத்தாயின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. ஒன்றும் கேட்காமல் மார்க்கெட்டுக்குப் போய் மாங்காய் வாங்கிவந்து, உப்பும் வத்தல்பொடியும் தூவி வைத்தாள். மறுநாள் பணியாரம் சுட்டாள். கீழ்வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை, ஆனால் கீழ்வீட்டுக்காரி கேட்கிற மாதிரி சிரித்தாள். வாரக் கடைசியில் வடிவு குளியலறையிலிருந்து அழுத கண்ணோடு வந்தாள். பாக்கியத்தாய் பணியாரச் சட்டியைக் கழுவி மேல்தட்டில் ஏற்றினாள். திட்டவில்லை. அந்தச் சட்டியை ஏற்றுகிற சத்தம் அடுத்த மாதமும் கேட்டது, அதற்கடுத்த மாதமும் கேட்டது. அதற்குப் பிறகுதான் வடிவு வெளியே தின்னப் பழகினாள்.

மசக்கைப் பசி என்றால் தெருவே ஓடிப் போய் வாங்கிவரும். மாதவிடாய்க்கு முந்தின பசி என்றால் தெருவே சிரிக்கும். நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதுதான் வடிவின் கஷ்டம். ஒவ்வொரு மாதமும் அந்தப் பசி வந்ததும், இது எந்தப் பசி என்று அவள் தன் உடம்பைத் தானே உற்றுக் கேட்டுக்கொண்டிருப்பாள். மூன்று வருஷமாக, குழந்தைக்கான சிகிச்சை ஒருபக்கம் நடக்க, இதுதான் நடந்தது.

ஒரு சாயங்காலம் மாடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டே அவனிடம் கேட்டாள்.

"எனக்கும் அந்த வில்லை ஒண்ணு ஒட்டி விடுங்க."

"நீ அதெல்லாம் வேண்டாம்னுல்லா சொன்ன?"

"இப்பம் வேணும். அந்தப் பசி வந்தாலே, இந்தத் தடவ அதுவா இருக்குமோ, அதுவா இருக்குமோன்னு கெடந்து அடிச்சுக்கிடுது. பெறகு ஒண்ணுமில்லன்னு ஆகும்போது என்னால முடியலங்க. பசியே வரலன்னா ஆசையும் வராதுல்லா."

சேர்மராஜின் மனம் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டது. சொந்தப் பெண்டாட்டியே கேட்டுவிட்டாள். இதை எந்தப் பேச்சில் எந்த இடத்தில் சேர்க்கலாம் என்று யோசித்தபடி, அவள் கையிலிருந்த லுங்கியை வாங்கித் தப்பாக மடித்தான்.

வில்லை சில மாதம் சும்மா ஒட்டிக்கொண்டிருந்து அவள் பசியைப் படித்தது. படித்து முடித்ததும் அடக்கத் தொடங்கியது. முதல் மாதமே ஸ்கூட்டர் பெட்டியில் எறும்பு இல்லை.

ரெஜினா மோத்தா அவனோடு பள்ளிக்கூடத்திலிருந்து படித்தவள், டாக்டர். கம்பெனியில் பாதிப் பங்கு அவளுடையது, முழுக் கவலையும் அவளுடையது. வில்லை சந்தைக்குப் போவதற்குக் கொஞ்சநாள் முன்பு ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"சேர்மா, மசக்கைப் பசி வந்தா உன் மிஷின் என்ன செய்யும்?"

"அது வேற, இது வேற."

"வேற இல்லடா. ரெண்டு பசியையும் கிளப்புறது ஒரே ஹார்மோன்தான். ஆரம்பத்துல எங்களாலயே பிரிச்சுச் சொல்ல முடியாது. மாதவிடாய் வந்தா பசி நிக்கும். வரலன்னா நீளும். அந்த நீளுறது ஒண்ணுதான் வித்தியாசம்."

"மசக்கைன்னு தெரிஞ்சா கழட்டிப் போட்டுருவாங்க."

"எத வச்சுத் தெரியும்?"

பசியை வச்சுத்தான் என்று சொல்ல வாயெடுத்த சேர்மராஜ், டீயைக் குடித்து அதை உள்ளே தள்ளினான். நாள் தள்ளிப்போனால் தெரியாதா என்று வேறு பதில் சொன்னான்.

உண்மையில் அவன் மிஷினுக்குள் ஒரு விதி எழுதி வைத்திருந்தான். நாள் கடந்தும் பசி நீண்டால் வில்லை தோற்கிறது என்று அர்த்தம், தோற்கிற வில்லை இன்னும் பலமாக அடிக்க வேண்டும். ஒரு பசி நல்ல காரணத்துக்காகவும் நீளலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஜெயித்துப் பழகியவன் எழுதக்கூடிய விதிதான் அது. அந்த இடத்தில் அடிப்பதை நிறுத்தி ஆளிடம் சொல்லும்படி மாற்று என்றாள் ரெஜினா. அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றான் அவன். வெளியீட்டு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று, மண்டபம் பிடித்தாயிற்று.

நிதானம் விற்றது, விற்றது, அப்படி விற்றது. மில் விடுதிகள் மொத்தமாக வாங்கின. கேன்டீன் செலவு குறைந்ததாம், பெண்களின் நலனில் அக்கறை என்று சுவரில் எழுதி வைத்தார்கள். கல்யாண நாளுக்குப் புருஷன்மார் பரிசளித்தார்கள். மணமகள் தேவை விளம்பரத்தில் 'நிதானம் அணியச் சம்மதமுள்ள' என்று ஒரு குடும்பம் போட்டது. ஓட்டப்பந்தயப் பயிற்சியாளர் ஒருவர், எங்கள் பிள்ளைகள் இப்போது எதையும் கேட்பதே இல்லை என்று பெருமையோடு பேட்டி கொடுத்தார். நிஜமாகவே நிம்மதியடைந்த பெண்களும் எத்தனையோ பேர். அந்த வாரத்தை நினைத்தே பாதி மாதம் பயந்துகொண்டிருந்தவர்கள், அழுதுகொண்டு தின்றவர்கள், தின்றதற்கு அடிவாங்கியவர்கள். அவர்கள் எழுதிய நன்றிகளை சேர்மராஜ் மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தான். நடிப்பில்லை, அவனுக்கு நிஜமாகவே கண் கலங்கும். தன் பெருமையைப் பார்த்தால் அவனுக்கு எப்போதும் கலங்கும்.

வீட்டில் வடிவு அமைதியாகிவிட்டாள். எந்தப் பசி என்று உற்றுக் கேட்க ஒன்றுமில்லை. கேலண்டர் பார்ப்பதை விட்டாள். சிகிச்சை தொடங்கியதிலிருந்தே அவளுக்கு நாள் முன்னே பின்னே ஆகும். ஒரு மாதம் லேசாக ரத்தம் தீற்றல்போல் பட்டது, அவ்வளவுதான் இந்த மாதத்துக்கு என்று எடுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் பாக்கியத்தாய் மகனிடம் முறையிட்டாள். வடிவு சரியாகச் சாப்பிட மாட்டேன் என்கிறாள், தட்டில் வைத்ததை வைத்தபடி எழுந்துபோகிறாள், முகம் வெளிறிக் கிடக்கிறது. அதுதாம்மா நிதானம், என்றான் சேர்மராஜ்.

நடுப்பகல், வேலை மும்முரத்தில், வடிவுக்கு அடிவயிற்றில் பிடித்தது. கிரேனில் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கி லாரியில் வைத்துவிட்டு, கைப்பிடிகளை விட்டுவிட்டு, பக்கத்து இருக்கைக்காரியிடம் என்னைப் பிடித்துக்கொள் என்றாளாம். பெட்டி ஒரு விரற்கடைகூட ஆடவில்லை என்று பிற்பாடு அங்கே வேலைபார்க்கிறவர்கள் சேர்மராஜிடம் வியந்து சொன்னார்கள். அவனும் அந்த நேரத்தில் வேறென்ன செய்வது என்று தெரியாமல் தலையை ஆட்டினான்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் சின்னப் பெண். கலைந்த கருவின் வாரக்கணக்கைச் சொல்லிவிட்டு, உங்களுக்குத் தெரியாதா என்றாள். வடிவு இல்லை என்றாள். குமட்டல், மயக்கம், எதுவுமே இல்லையா? இல்லை. வாய் எதுவும் கேட்கலையா, புளிப்பு, இனிப்பு, எதுவும் வேணும்போல இல்லையா?

"இல்ல டாக்டர். எதுவுமே கேக்கல," என்றாள் வடிவு.

சேர்மராஜ் அவள் காதுக்குப் பின்னால் பார்த்தான். முடி விலகியிருந்தது.

டாக்டர் அவர்கள் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். சரியாகச் சாப்பிடாததால் இப்படி ஆகாது, வேலை பார்த்ததால் ஆகாது, ஸ்கூட்டர் ஓட்டியதால் ஆகாது. முதல் மாதங்களில் கலைவதில் பாதிக்கு மேல் கருவிலேயே இருக்கும் கோளாறுதான், யார் என்ன செய்திருந்தாலும் தங்கியிருக்காது. சேர்மராஜ் அதை ஒருதரம் திரும்பச் சொல்லச் சொன்னான். அவள் சொன்னாள். மூன்றாம் தரம் கேட்க வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியத்தாய் மருமகளைக் கட்டிலில் படுக்கவைத்து, காலைப் பிடித்துவிட்டபடி தரையில் உட்கார்ந்தாள். குற்றம் சொல்லும் குரலில் அல்ல, ஏதோ புரியாத ஒன்றைத் தனக்குள் பேசிப் பார்ப்பதுபோல், "ஒரு மாங்கா கேக்கலையே தாயீ. அத்தன நாள் இருந்துருக்கு, ஒரு மாங்கா கேக்கலையே," என்றாள். அதைச் சொல்லிச் சொல்லியே கால் பிடித்தாள். சேர்மராஜ் அந்த அறையில் நிற்க முடியாமல் வெளியே வந்தான். வெளியேயும் நிற்க முடியவில்லை.

வடிவு அவனோடு பேச இரண்டு மூன்று நாளாயிற்று. பேசியபோது கோபமே இல்லை. கோபம் இருந்தால் பதில் சொல்லலாம், அவன் அதில் கெட்டிக்காரன்.

"புள்ள போனதுக்கு நீங்க காரணம் இல்ல. அந்த டாக்டர் பொய் சொல்லாது. நானும் உங்கள அப்படி நினைக்கல."

"வடிவு."

"சொல்ல விடுங்க. அது எனக்குள்ள வந்து இருந்துருக்கு. எனக்கு இது வேணும், அது வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்துருக்கு. நான் ஒண்ணுமே குடுக்கல. நாலு வார்த்த பேசல. இருக்கா இல்லயான்னுகூட நினைக்கல. மூணு வருசமா வராத ஆள வாசல் வாசலா தேடிட்டு, வந்த அன்னைக்கு நான் கதவ அடச்சுட்டுப் படுத்துட்டேன். எத்தன நாளு இருந்துச்சோ, அத்தன நாளும் நான் அதுக்கு அம்மாவா இருந்துருப்பேன்லா? அது எனக்கு இல்லாமப் போச்சுங்க."

அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருக்கவும் இல்லை. காதுக்குப் பின்னால் நகத்தால் நெம்பி வில்லையை எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். பிள்ளைகள் கையில் மிட்டாய் வைப்பதுபோல இருந்தது.

கோயம்புத்தூரில் ஒரு விழா ஏற்கெனவே ஒப்புக்கொண்டது. போகாதே என்றாள் ரெஜினா. வீட்டில் இருப்பதைவிட அது சுலபமாக இருந்ததால் போனான். மேடையேறி மைக்கைப் பிடித்ததும் வாய் பழக்கத்தில் தானே ஆரம்பித்தது, எங்க வீட்டுல ஒரு கிரேன் ஆபரேட்டர் இருக்காங்க என்று. அவன் அத்தோடு நிறுத்திக்கொண்டான். ஆனால் கூட்டம் சிரித்துவிட்டது. மிச்சம் அவர்களுக்கே தெரியும், செல்போனில் அத்தனை தரம் பார்த்திருந்தார்கள். அவன் சொல்லாமலே அந்தச் சிரிப்பு மண்டபத்தின் கடைசி வரிசை வரை போய், திரும்பி வந்து அடங்கியது. அவன் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிவிட்டான்.

திரும்பி வந்ததும் ரெஜினா சொன்ன விதியை எழுதினான். நீண்டால் அடிக்காதே, நிறுத்து, ஆளிடம் சொல். ஒரு மத்தியான வேலைதான், எழுதி முடித்தபோது சோறு ஆறியிருக்கவில்லை. விற்ற வில்லைகள் எல்லாவற்றுக்கும் அது போய்ச் சேர்ந்ததை ரெஜினா உறுதிசெய்தாள். பிறகும் அவன் நாற்காலியை விட்டு எழாமல் இருந்தான்.

"ரெஜி, வடிவோட வில்லையில அந்த நாளோட பசி அப்படியே இருக்கும்லா?"

"இருக்கும். பிடிச்சு வைக்காம அடிக்க முடியாதே."

"அத எதிர்ப்பசியா விடாம, பசியாவே விட்டா?"

"ஒட்டிக்கிட்டவங்களுக்கு அந்தப் பசி எடுக்கும். யாருக்குடா இது? வடிவுக்கா? அவகிட்ட கேட்டியா?"

அவன் தன் காதுக்குப் பின்னால் விரலை வைத்துக் காட்டினான். நீ மேடையில பண்ணுற எதுக்கும் நான் இவ்வளவு பயந்ததில்ல என்றாள் ரெஜினா. பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, தானே அதைச் செய்துகொடுத்தாள். கொடுக்கும்போது ஒன்று சொன்னாள். "அது நின்ன இடத்துல இதுவும் நின்னுரும். அதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல. தெரியும்ல?"

"தெரியும்."

வடிவு வேலைக்குத் திரும்பியிருந்தாள். பாக்கியத்தாய் கீழ்வீட்டுக்காரியோடு ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்கப் போயிருந்தாள். பட்டப்பகல். சேர்மராஜ் காலையிலேயே வில்லையை ஒட்டிக்கொண்டிருந்தான்.

மக்ரூன்தான் கேட்கும் என்று நினைத்து ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தான். மத்தியானம் பசி வந்தபோது அது மக்ரூன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் வயிற்றில் அல்ல, நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறியது. பிறகு தாடை கூசியது. பிறகு, தான் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோகிற மாதிரி ஒரு வேண்டும் எழுந்தது. இப்போதே வேண்டும், கொடுத்தே ஆகவேண்டும், கொடுக்காவிட்டால் பெரிய அநியாயம் என்கிற வேண்டும். அதில் கெஞ்சல் இல்லை. கொடுப்பார்கள் என்று முழுசாக நம்பிக் கேட்கிற தோரணை. மேடையில் மன உறுதியைப் பற்றித் தான் சொன்னது எல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்தது. அடுக்களைக்குள் நுழைவதற்குள் மறந்தும் போனது.

மேல்தட்டை உருட்டினான். டப்பா டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தான். எதைத் தேடுகிறான் என்று அவனுக்குத் தெரியவில்லை, பசிக்குத் தெரிந்திருந்தது. அம்மா சுருட்டி வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்ததும் உடம்பு முழுவதும் 'இதுதான்' என்றது. நெத்திலிக் கருவாடு. அடுப்பைப் பற்றவைத்து, கம்பியில் வைத்து வாட்டினான். விரல் சுட்டது. நீச்சத்தண்ணியில் கிடந்த பழைய சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, பாத்திரத்துக்குள்ளேயே கையை விட்டான்.

எவ்வளவு தின்றான் என்று தெரியாது. வடிவு அடுக்களை வாசலில் நின்றபோது பாத்திரத்தில் பாதிக்குமேல் போயிருந்தது. மதிய மாற்று ஆள் வந்துவிட்டதால் சீக்கிரம் திரும்பியிருக்கிறாள். வாடைக்கு சேலைத் தலைப்பை மூக்கில் பொத்தியபடி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சாப்பிடலயா நீங்க? காலையில அத்த இட்லி வச்சாங்களே."

"சாப்பிட்டேன்."

"பெறகு?"

"இது எனக்கு இல்ல."

அவள் பார்வை அவன் காதுக்குப் போனது. கிட்டே வந்து, விரல் நுனியால் அந்த வில்லையைத் தொட்டாள். எடுக்கவில்லை. காய்ச்சல் பார்ப்பதுபோல் அங்கேயே விரலை வைத்திருந்தாள். சேர்மராஜ் சோற்றுக் கையோடு அசையாமல் நின்றான். பேசினால் கையை எடுத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"என்ன கேக்குது?" என்றாள்.

"கருவாடு. சுட்ட கருவாடும் பழைய சோறும். நான் மக்ரூன்தான் கேக்கும்னு நினைச்சேன். அது தொடவே மாட்டேங்கு."

"எனக்குக் கருவாட்டு வாடையே ஆகாது. சின்னதுல இருந்தே ஆகாது. எங்க அம்மா வீட்டுல யாரும் வாங்க மாட்டாங்க." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். தலைப்பு மூக்கிலிருந்து இறங்கியது. "அப்பம் அது என் பசி இல்ல."

அவன் தலையை ஆட்டினான்.

"அதுக்குன்னு ஒரு ருசி இருந்துருக்கு," என்றாள் வடிவு.

வில்லையை அவளுக்குக் கொடுத்துவிடட்டுமா என்று அவன் கேட்டான். அவள் யோசித்தாள். கை தானாகத் தன் காதுப் பக்கம் போய், பாதியில் திரும்பிவந்தது.

"எனக்குத் தாங்காது. நின்னு போற அன்னைக்கு நான் என்ன செய்வேன்? நீங்களே வச்சுக்கிடுங்க. நீங்களே குடுங்க அதுக்கு."

பிறகு அவள் அடுப்பைக் கூட்டி வைத்தாள். பையிலிருந்து ஒரு கை கருவாட்டை அள்ளி, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், ஒவ்வொன்றாகக் கம்பியில் பரப்பினாள். பெட்டியை லாரியில் இறக்குகிற அதே கை. இன்றைக்கு லேசாக நடுங்கியது. புகை அவள் முகத்தில் அடித்தது, அவள் தலைப்பை எடுத்துப் பொத்தவில்லை. வாட்டியதை ஊதி, கரி தட்டி, ஒவ்வொன்றாக அவன் கையிலிருந்த பாத்திரத்தின் ஓரத்தில் வைத்தாள். வைத்துவிட்டு அவன் வாயையே பார்த்தாள்.

சேர்மராஜ் நின்றபடியே, பாத்திரத்துக்குள் கைவிட்டு, தின்றுகொண்டிருந்தான்.